முளைத்த மொச்சைச் சாறு

எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதை அரசாங்கமே வந்து விசாரித்து, சாட்சி கேட்டு, மண்ணைத் தோண்டிப் பார்த்து முடிவு செய்தது. மலாயாவில் வேறு எந்த ஆம்பிளைக்கும் இந்தப் பெருமை கிடைத்திருக்காது. மற்றவர்களுக்கு அதைப் பெண்டாட்டி சொல்வாள், விஷயம் வீட்டோடு முடிந்துவிடும்.

அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. சுங்கை லாலாங் பக்கம், காட்டை ஒட்டியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த லயங்களை, அதாவது கூலிக்காரர் வரிசை வீடுகளைக் காலி செய்து, எங்களை எல்லாம் ஒரே இடத்தில் குடியேற்றி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு ஒரே வாசல். வாசலில் துப்பாக்கியோடு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் ஒருவர் என் மனைவியின் அண்ணன். தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது என் இடுப்பைத் தடவிப் பார்த்து, தொப்பியை உதறிப் பார்த்து, சாப்பாட்டு டின்னுக்குள் ஒரு கம்பியை விட்டுக் கிளறிப் பார்க்கும் அதிகாரம் என் மச்சானுக்கு இருந்தது. பெண் எடுத்த வீட்டில் இப்படி ஒரு மரியாதை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

“மச்சான், நேத்து சாயங்காலம் உங்ககூடத்தானே உக்காந்து தேத்தண்ணி குடிச்சேன்? அதுக்குள்ள என்ன சந்தேகம்?”

“அது வேற, இது வேற லா. கையைத் தூக்கு மாப்ள.”

அவர் தேடியது சாப்பாட்டுப் பொருள்கள். காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட்டு வெளியே வரவைக்க வேண்டும் என்பது சர்க்கார் திட்டம். அதனால் அரிசியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. பொதுக் கொட்டகையில் கவா என்ற பெரிய இரும்புச் சட்டியில் வடித்துச் சோறாகத்தான் கொடுப்பார்கள். சோறு மறுநாளே ஊசிப்போகும், காட்டுக்குப் போனாலும் பிரயோஜனம் இல்லை. ஆனால் மொச்சை அப்படியா? காய்ந்த மொச்சை ஒரு வருஷம் கெடாது. ஒரு கைப்பிடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒருவன் மூன்று மலை தாண்டிவிடலாம். அதனால் பருப்பு, மொச்சை, கொள்ளு, பச்சைப்பயறு எல்லாம் ரேஷன் அட்டைக்கு இவ்வளவு என்று வாரம் ஒரு தடவை அளந்து கொடுத்தார்கள். சமைத்ததை ஓர் ஆளுக்கு ஒரு டின் வெளியே கொண்டுபோகலாம். காய்ந்த மணி ஒன்றுகூட வாசலைத் தாண்டக் கூடாது. அந்த வாசலில் துப்பாக்கி ரவையும் மொச்சையும் ஒரே இனம்.

மனிதர்களும் அதற்கேற்றாற்போல் மாறிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் கொஞ்சம் அதிகமாகத் தாளித்தால் இந்த வீட்டில் காது நிமிரும். யாராவது இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால், ‘காய்ச்சல்தானா, இல்லை காட்டுக்குள் போய்விட்டு வந்த களைப்பா?’ என்று ஒரு பார்வை. யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாததால் எல்லாரும் எல்லாரிடமும் மழையைப் பற்றியே பேசினோம். மழை பெய்யாத நாளிலும்.

இந்த நேரத்தில்தான் என் மனைவிக்கு மசக்கை. மூன்றாம் மாதம். அடுப்புப் புகை பட்டால் வாந்தி, வெங்காயம் வதங்கினால் வாந்தி, என்னைப் பார்த்தாலும் சில சமயம் வாந்தி. “நீ படு, நான் பார்த்துக்கிறேன்” என்று அடுப்படியை வாங்கிக்கொண்டேன். அதுவரை நான் அடுப்படிக்குள் போனது சுருட்டுப் பற்றவைக்க மட்டும்தான்.

சோறு கொட்டகையில் கிடைத்துவிடும். சோற்றுக்கு ஊற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். அட்டையில் மொச்சை இருந்தது. மொச்சையை வேகவைத்து, வெந்த தண்ணீரை இறுத்து, பூண்டும் மிளகும் சீரகமும் நசுக்கிப் போட்டு ஒரு சாறு வைப்பாள் என் மனைவி. இரண்டு குவளை குடித்தால் மதியம்வரை பால் வெட்டும் கத்தி ஓயாது. அதே சாறுதான் நானும் வைத்தேன். அல்லது, வைத்ததாக நினைத்தேன்.

என் பக்குவத்தை இப்போது சொன்னால் யாரும் குற்றம் பிடிக்க முடியாது, விசாரணை முடிந்துவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் எடுத்துவிடுவார்கள். பேர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைய வேலை போச்சு. மொச்சை வேகும்வரை அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்கு ஏது நேரம்? அதனால் முந்தின நாள் ஊறப்போட்ட மொச்சையை டின்னில் கொட்டி, புளி, உப்பு, பூண்டு, நசுக்கிய மிளகு, கிள்ளிப் போட்ட மிளகாய் வற்றல் எல்லாவற்றையும் சேர்த்து, தேத்தண்ணிக்குக் காய்ந்த வெந்நீரில் மிச்சத்தை ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய சாரத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போவேன். உள்ளே இருக்கிற சூட்டிலேயே பத்து மணிக்குள் வெந்துவிடும் என்பது என் கண்டுபிடிப்பு. மனைவிக்கும் அதே சாறு, இன்னொரு சட்டியில், தட்டு போட்டு மூடிவைத்து.

வாசலில் மச்சான் கம்பியை விட்டுக் கிளறுவார். பூண்டு வாசனை வரும், தண்ணீர் கலங்கும், சாறுதான் என்று விட்டுவிடுவார்.

பத்து மணிக்கு மரத்தில் பால் இறங்கிக்கொண்டிருக்கும்போது எல்லாரும் உட்கார்ந்து பசியாறுவோம். டின்னைத் திறந்தால் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும், புளிப்பும் காரமுமாக. மொச்சைதான் பிரச்சினை. கடித்தால் ‘கடக்’ என்று பக்கத்து மர நிரைவரை கேட்கும். எனக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் ஆடியது அந்தக் காலத்தில்தான். முன்னமே நான் வேறு ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தேன். “என் மொச்சைச் சாறு கொதிச்சா பத்து நிரைக்கு மணக்கும், அக்கா. பொண்டாட்டி சமையலையே மறந்துட்டேன்” என்று. இப்போது எல்லார் முன்னாலும் ‘கடக்’ என்று கடித்தால் மானம் போகாதா?

ஆகவே தனியாகப் போய்விடுவேன். எனக்கு ஒதுக்கிய வெட்டில் கடைசி நிரையைத் தாண்டினால் ஒரு நீண்ட பள்ளம், அதற்கு அந்தப் பக்கம் காடு. பள்ளத்தின் கரையில் உட்கார்ந்து சாற்றைக் குடித்துவிட்டு, கீழே தங்கியதை எல்லாம் குதிகாலால் ஒரு குழி நோண்டிப் புதைத்துவிடுவேன். அடுத்த முறை ஓரடி தள்ளி இன்னொரு குழி. சில நாள் கோபத்தில் பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் வீசியதுண்டு. ஒன்றரை மாதத்தில் என்னை வேறு வெட்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஓர் ஓடை இருந்தது, மிச்சத்தை மீன்கள் பார்த்துக்கொண்டன. பழைய பள்ளத்தை நான் அதோடு மறந்துவிட்டேன்.

மனைவிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், பெரட்டுக்குப் போனால் ஆபீஸ் முன்னால் ஒரு மேசை. மேசைமேல் வேரோடு பிடுங்கிய நாலைந்து கொடிகள். ஊதாப் பூ, தொங்கத் தொங்கக் காய். பக்கத்தில் சுங்கைப் பட்டாணி டவுனிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி. அவர் சொல்லச் சொல்ல எங்கள் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தமிழில் சொன்னார்.

“காட்டு ஓரத்துல யாரோ மொச்சைத் தோட்டம் போட்டிருக்கான். கோடு போட்ட மாதிரி வரிசையா நட்டிருக்கான். காய் பறிச்ச தடமும் இருக்கு. யாரு, யாருக்காகப் போட்டீங்கன்னு துரை கேக்கிறாரு.”

நான் சும்மா இருந்திருக்கலாம். பிறவிக் கோளாறு, வாய் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற அக்காவிடம், “எவனோ காட்டுல ரெண்டாவது குடும்பம் வச்சிருக்கான் போலிருக்கு, அரிசி கிடைக்கல, மொச்சையை நட்டுட்டான்” என்றேன். அந்த அக்கா வாயைப் பொத்திச் சிரித்தது. அப்போது கிராணி அந்தப் பள்ளத்தையும் பழைய வெட்டின் நம்பரையும் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே அரையடி நகர்ந்து நின்றது. இந்தப் பக்கம் நின்றவரும் அரையடி. ஒரு நிமிஷத்தில் என்னைச் சுற்றி ஒரு மேசை போடும் அளவுக்கு இடம் காலியாகிவிட்டது.

ஆபீஸுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். கிராணி என் காதருகே குனிந்து, “ஏம்பா, இதுல மாட்டினா தடுப்பு முகாம்தான். அங்கேருந்து கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க. உள்ளதைச் சொல்லிடு” என்றார். நான் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்தில். ஊர் என்று அவர் சொன்ன இந்தியாவை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத இடத்துக்கு என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள், இங்கே வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள் தனியாகப் பிள்ளை பெற வேண்டும். உள்ளதைச் சொன்னேன்.

“ஐயா, அது தோட்டமில்லைங்க. அது என் சாறுங்க.”

கிராணி மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தார். “என்ன சொன்னே?”

“மொச்சை வேகலைங்க. வேகாததைப் புதைச்சேன். அது முளைச்சிடுச்சுங்க போல.”

அதிகாரி கேட்டுவிட்டு, வெளியே நின்றவர்களில் இரண்டு பேரைக் கூப்பிடச் சொன்னார். அரையடி நகர்ந்த அந்த அக்காதான் முதலில் வந்தது.

“இவரு சாறு எப்படி?” என்று கேட்டார் கிராணி.

“ரொம்ப நல்லா இருக்குமுங்க. பத்து நிரைக்கு மணக்கும்.”

“நீ குடிச்சிருக்கியா?”

“இல்லீங்க. இவருதான் சொல்வாரு.”

அடுத்து வந்தவனும் அதையேதான் சொன்னான், இவன் பதினைந்து நிரை என்றான். நான் விதைத்த பொய் என் கண் முன்னால் காய்த்துத் தொங்கியது. வேகாத மொச்சை என்று நான் இப்போது சொல்வதை யார் நம்புவார்கள்? ஐந்து மாதம் புகழ்ந்தவன் நான்தானே!

அதிகாரி வெளியே பொதுக் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு கிராணியிடம் ஏதோ சொன்னார். “வச்சுக் காட்டு” என்றார் கிராணி. “துரை முன்னால அதே சாறை வச்சுக் காட்டு. வேகலைன்னா நீ சொல்றது உண்மை.”

இவ்வளவுதானே என்று எனக்கு உயிர் வந்தது. உலகத்திலேயே எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம், என் மொச்சை வேகாது என்பதுதான்.

பொதுக் கொட்டகையில் இடம் கொடுத்தார்கள். யாரோ ஊறவைத்திருந்த மொச்சையில் ஒரு படி எடுத்துக் கொடுத்தார்கள். ‘வெந்நீர் ஊற்றி மூடிவிட்டுப் போகிறேன்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் துப்பாக்கியோடு ஓர் ஆள், எதிரே நாற்காலி போட்டு அதிகாரி. அடுப்பில் காய்ந்த ரப்பர் விறகு திகுதிகுவென்று எரிந்தது. சட்டியை வைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். பதற்றத்தில் புளியை மறந்தேன், உப்பையும் மறந்தேன். எங்கேயும் ஓட வேண்டியதில்லை, பெரட்டு இல்லை, சும்மா நிற்பதைத் தவிர வேலை இல்லை. அதுபாட்டுக்குக் கொதித்தது. தண்ணீர் வற்றினால் ஊற்றினேன். ஒரு மணி நேரமா, இரண்டு மணி நேரமா தெரியாது. பூண்டும் மிளகும் சீரகமும் நசுக்கிப் போட்டது கடைசியில்தான். அப்போது நினைவு வந்து உப்பும் போட்டேன், ஒரு சுளைப் புளியையும் கரைத்து ஊற்றினேன்.

கரண்டியால் ஒரு மணியை எடுத்து விரலால் அழுத்தினேன். வெண்ணெய் மாதிரி நசுங்கியது.

இன்னொன்றை எடுத்தேன். அதுவும் நசுங்கியது. சட்டி முழுக்கத் தேடினேன், கல்லாக ஒன்றாவது கிடைக்காதா என்று. ஒன்றுகூட இல்லை. துரோகிகள்! வாசனை கொட்டகையைத் தாண்டிப் போய், வேலைக்குப் போகாமல் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. அதிகாரிக்கு ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தார். குவளையை நீட்டி இன்னொன்று வாங்கிக் குடித்தார். மொச்சையையும் மென்றார். பிறகு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு கிராணியிடம் மெதுவாகச் சொன்னார்.

கிராணியின் முகம் செத்துவிட்டது. “இப்படிச் சமைக்கிறவன் அதைக் குழியில போடமாட்டான்னு சொல்றாரு.”

என் வாழ்க்கையில் நான் வைத்த முதல் நல்ல சாறு அது. ஒரு வாய் குடித்துப் பார்க்கக்கூட என்னை விடவில்லை.

என்னை லாரியில் ஏற்ற முடிவாகிவிட்டது. துணி எடுத்துக்கொள்ள மனைவியைக் கூட்டிவரச் சொன்னார்கள். வாசலில் நின்ற மச்சான்தான் போய்க் கூட்டிவந்தார். அவர் முகமும் சரியில்லை. வாசலைத் தாண்டி மொச்சை போனது என்றால் வாசலில் நின்றது யார் என்ற கேள்வி அடுத்து அவரிடம்தானே வரும்?

அவள் மூட்டையோடு வந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. கிராணி விஷயத்தைச் சொன்னார். அவள் அழப்போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அழவில்லை.

“இவரா? இவரு சாறு வச்சாரா?” என்றாள். “ஐயா, இவரு வேகவைக்கவே மாட்டாருங்க. கெட்டில்ல மிஞ்சுன தண்ணியை ஊத்தி மூடி வச்சிட்டுப் போயிடுவாரு. புளியும் உப்பும் முதல்லயே போட்டுடுவாரு. புளித் தண்ணியில மொச்சை எங்கேயாவது வேகுமா? அஞ்சு மாசமா எனக்கும் அதைத்தான் கொடுக்கிறாரு.”

“நல்லாயிருக்குன்னு சொன்னியே!” என்றேன். விலங்கு மாட்டப் போகும் நேரத்தில் ஒரு மனிதனுக்கு வரும் கேள்வியைப் பாருங்கள்.

“சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்கன்னு சொன்னேன். தண்ணியைக் குடிச்சிட்டு மொச்சையைப் பின்னால கால்வாய் ஓரமா கொட்டிடுவேன். போய்ப் பாக்கச் சொல்லுங்க ஐயா. அங்கேயும்தான் கொடி நிக்குது. கம்பி வேலியில ஏறிக் கிடக்கு.”

அந்தக் கொடியை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் நட்டது என்று நினைத்து, “என்னமா வளத்திருக்காங்க பாரு” என்று அவளிடமே மெச்சியும் இருக்கிறேன்.

அதிகாரி எழுந்து வந்தார். எல்லாரும் லயத்துக்குப் பின்னால் போனோம். கால்வாய் ஓரத்தில் மொச்சைக் கொடி, மச்சான் தினமும் காவல் காக்கும் அதே முள்கம்பியில் முறுக்கிக்கொண்டு ஏறியிருந்தது. அடியில் தோண்டச் சொன்னார். பூண்டுத் தோல் வந்தது. கொடிக்குப் பக்கத்திலேயே ஒரு மிளகாய்ச் செடி வந்தது, நான் கிள்ளிப் போட்ட வற்றலின் விதை. அதிகாரி நான்கு ஆட்களைக் காட்டு ஓரப் பள்ளத்துக்கு அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்து மேசைமேல் வைத்தார்கள்: அங்கேயும் ஒவ்வொரு கொடிக்குப் பக்கத்திலும் ஒரு மிளகாய்ச் செடி, வேரில் பூண்டுத் தோல், அழுகாத ஒரு புளியங்கொட்டை. என் சாறு முழுசாக முளைத்திருந்தது. இனி யாராவது கொஞ்சம் உப்புக்கு விதை கண்டுபிடித்தால் போதும்.

அதிகாரி சிரிக்கவில்லை. அந்த உத்தியோகத்தில் சிரிக்க மாட்டார்கள் போலும். ஆனால் லாரியை நிறுத்தச் சொன்னார். பிறகு ஒரு காய்க் காம்பைத் தூக்கிப் பிடித்து ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப காயைப் பறிச்சது யாருன்னு கேக்கிறாரு” என்றார் கிராணி.

நான் பறிக்கவில்லை. அந்தப் பக்கமே மூன்று மாதமாகப் போகவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது மச்சானைப் பார்த்தேன். அவர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி தன் அண்ணனைப் பார்த்தாள், உடனே ஆகாசத்தைப் பார்த்தாள். எனக்கு ஏதோ புரிந்தது. முழுசாகப் புரியுமுன்னே வாய் சொல்லிவிட்டது.

“குரங்குங்க. அந்தப் பக்கம் குரங்கு ஜாஸ்தி.”

“ஆமாங்க, குரங்குதான்” என்றாள் மனைவி.

“குரங்கு, துரை” என்றார் மச்சான், நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்து.

அதிகாரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. பிறகு எழுதினார். மனைவியின் பிரசவம் முடியும்வரை, அதற்குப் பிறகும், நான் எந்தப் பயறையும் சமைக்கக் கூடாது, கையால் தொடக் கூடாது, அட்டையில் என் பங்குக்குரிய மொச்சையை மனைவியே வாங்க வேண்டும் என்று என்னிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லத் தைரியமில்லை. மறுநாள் காலை அந்தக் கொடிகளை எல்லாம் நானே போய்ப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். காவலுக்கு மச்சானும் ஒரு மலாய்க் கார்ப்பரலும்.

மறுநாள் போனோம். கார்ப்பரல் மேட்டில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். நானும் மச்சானும் பள்ளத்துக்கு இறங்கினோம். நான் பிடுங்கினேன், அவர் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு பிடுங்கியதைக் குவித்தார்.

“குரங்குக்கு மொச்சை பிடிச்சுதா மச்சான்?” என்றேன்.

“மெதுவா பேசு லா.” கார்ப்பரல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். “ரோந்து வரும்போது பார்த்தேன். தங்கச்சி பச்சை மொச்சை வேணும் வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தா. வேலிக் கொடியில அப்ப காயே பிடிக்கலை. வயித்துப் பிள்ளைக்காரி. பறிச்சுச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு வந்து கொடுத்தேன். என்னை யாரு சோதிக்கிறா?”

“காட்டுக்காரன் தோட்டம்னு நினைக்கலையா?”

“நினைச்சேன்.”

“அப்ப ரிப்போர்ட் பண்ணலையா?”

“பண்ணினா அடுத்த தடவை பறிக்க முடியாதே மாப்ள.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைக் கம்பி விட்டுக் கிளறிய கையைப் பாருங்கள்! போன மாதம் மனைவி எனக்கு ஒரு நாள் பச்சை மொச்சை போட்டுச் சாறு வைத்துக் கொடுத்தாள். நான் புதைத்ததையே நான் குடித்திருக்கிறேன்.

“எத்தனை தடவை பறிச்சீங்க?”

“மூணு. இல்ல, நாலு. பாதைப் பக்கம் மட்டும்தான், கைக்கு எட்டுற வரைக்கும். பள்ளத்தைத் தாண்டலை. அட்டைக்கடி ஜாஸ்தி.”

பாதைப் பக்கம் முடிந்துவிட்டது. நேற்று வந்தவர்களும் அந்தக் கரையில் மட்டும்தான் தோண்டியிருந்தார்கள். நான் முன்பு கோபத்தில் வீசியது நினைவு வந்து பள்ளத்தைத் தாண்டி மறுகரையில் ஏறினேன். புதருக்குப் பின்னால் அங்கேயும் கொடிகள்.

ஒவ்வொரு கொடிக்கும் ஒரு குச்சி நட்டிருந்தது. கொடியை மரப்பட்டையால் குச்சியோடு தளர்வாகக் கட்டியிருந்தது. அடியில் களை இல்லை, மண் கொத்திவிட்டிருந்தது. காய் ஒன்றுகூட இல்லை. காம்புகள் எல்லாம் சாய்வாக, கத்தியால் சீவியது போல் ஒரே மாதிரி அறுந்திருந்தன. குரங்குக்கு ஏது கத்தி?

“மச்சான்” என்றேன். கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். “நீயா?”

“நான் குச்சி நடுற ஆளா? நீங்களா?”

“நான் எதுக்கு லா இங்க வர்றேன்?”

நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்று அவர் கண்ணில் தெரிந்தது. அவர் சொன்னதை நானும் நம்பவில்லை என்று என் கண்ணில் தெரிந்திருக்கும். பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் காட்டுப் பக்கம் திரும்பினோம். மூங்கில் புதர், அதற்குப் பின்னால் இருட்டு. ஓர் இலை அசையவில்லை. எங்களை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், அவர் என் சாற்றில் இரண்டு மூன்று மாதம் உயிர் வளர்த்தவர். என் சமையலை மனதாரச் சாப்பிட்ட ஒரே ஆள்.

மேட்டிலிருந்து கார்ப்பரல் எழுந்து பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொள்வது தெரிந்தது.

அவர் இறங்கி வந்து அந்தக் குச்சிகளைப் பார்த்தால் நேற்று நடந்தது எல்லாம் வீண். நான் கப்பலில். மச்சான் கம்பிக்குள். வீட்டில் அவள் ஒருத்தி. நான் குச்சிகளைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தேன். அவர் பட்டைக் கட்டுகளைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார், வேறு எங்கே போடுவது என்று தெரியாமல். கொத்திய மண்ணைக் காலால் மிதித்து, மேலே சருகை வாரிக் கொட்டினேன். எல்லாவற்றையும் இந்தக் கரைக்கு இழுத்துவந்து குவியலுக்கு நடுவில் சொருகி, மச்சான் தீக்குச்சி கிழித்தார். பச்சைக் கொடி எரியாமல் புகைந்தது. குச்சிகள் மட்டும் காய்ந்திருந்ததால் முதலில் பிடித்தன.

கார்ப்பரல் வந்து புகையைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். “ஹபிஸ்?” முடிந்துவிட்டதா என்று மலாயில் கேட்டார்.

“ஹபிஸ்” என்றார் மச்சான். பல்லில் பட்டைத் துணுக்கு ஒட்டியிருந்தது.

ஆறு வாரம் கழித்து என் மகள் பிறந்தாள். நான் லயத்து வாசலில் நின்றிருந்தேன், கப்பலில் இல்லை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. குச்சி நட்டது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மச்சானும் செத்துப்போகும்வரை என்னிடம் கேட்கவில்லை, நானும் அவரிடம் கேட்கவில்லை.

கொடிகளை எரித்த அன்று திரும்பும்போது அவர் என்னை முன்னால் நடக்கச் சொன்னார். துப்பாக்கி அவர் கையில் இருந்தது. “நீங்க முன்னால போங்க மச்சான்” என்றேன். “நீ போ மாப்ள” என்றார். கடைசியில் யாரும் முன்னால் போகவில்லை. ஓர் ஆள் நடக்கிற அந்தப் பாதையில் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, மாற்றி மாற்றி மரத்தில் மோதிக்கொண்டு, வாசல்வரை ஒன்றாகவே வந்து சேர்ந்தோம்.